ஒரு விரிப்பு கூடுதலாக

புரட்டாசி முடிவதற்குள் மேடவாக்கத்துத் தையற்கடைகளில் ‘தீபாவளி ஆர்டர் முடிந்துவிட்டது’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஜாக்கெட், சுடிதார், பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ், ஓரத்துக்குப் பீக்கோ என்று தையற்காரருக்குத் தலை நிமிர நேரமிராது. இந்தப் பட்டியலில் சில ஆண்டுகளாக ஒரு புதிய பொருளும் இடம் கேட்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவருடைய தட்டுக்கும் அடியில் விரிக்கும் சிறு துணி அது. கடைகளில் டேபிள் மேட் என்பார்கள். இக்கட்டுரையில் அதைத் தட்டு விரிப்பு என்றே குறிப்பிடுகிறேன். தையற்காரர் இதை எடுத்துக்கொள்வதில்லை. கேட்டால் கூலி கட்டாது என்பார். ஆகவே தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ விருந்தினர் வருவதை உத்தேசித்து, வீட்டிலேயே தாமே தைத்துக்கொள்ளும் பெண்களைக் காண்கிறேன். ஓரிரு ஆண்களும் இருக்கிறார்கள். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் மதிய இடைவேளையில் இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

அப்பேச்சில் இரண்டு மறுப்புகள் தவறாமல் எழும். முதலாவது, எங்கள் துறைக்காரர்களிடமிருந்து வருவது: வாழையிலையில் உண்ட மரபினருக்கு வெள்ளைக்காரர் மேசை விரிப்பு எதற்கு? இரண்டாவது, வணிகவியல் துறையிலிருந்து வருவது: கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழிப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? இரண்டுக்கும் எனக்கு மறுமொழி உண்டு. ஆனால் யாருமே எழுப்பாத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. எத்தனை விரிப்புகள் தைக்கிறீர்கள் என்பதே அது. இக்கட்டுரை அந்த எண்ணிக்கையைப் பற்றியதுதான். அங்கே போவதற்கு முன் முதலிரண்டு கேள்விகளையும் தாண்டியாக வேண்டும்.

*

வாழையிலை விஷயத்தில் எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. இலையே தட்டு, இலையே விரிப்பு. நுனி உண்பவருக்கு இடப்புறம் வர வேண்டும் என்பதில் தொடங்கி, உப்பும் ஊறுகாயும் எந்த ஓரம், பாயசம் எப்போது, முடித்த பின் இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பது வரை அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. உண்டு முடித்தபின் மாட்டுக்குப் போகும்; அல்லது மண்ணுக்குப் போகும். இதைவிடச் சிறந்த விரிப்பை எவரும் தைத்துவிட முடியாது. இலை போட்ட இடத்தில் துணி விரிப்பது வீண் வேலை.

ஆனால் மேடவாக்கத்து அடுக்ககங்களில் இலை விழும் நாள்கள் ஆண்டுக்கு எத்தனை? மற்ற நாள்களில் மேசையின்மேல் எவர்சில்வர் தட்டோ பீங்கான் தட்டோதான் இருக்கிறது. பண்டிகையன்று மாலையில் வரும் விருந்தினருக்கும் அதுவேதான். மேசை நம் வீடுகளுக்குள் வந்து அமர்ந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. முழங்கால் வலி அதை இனி வெளியே விடாது. மேசையை ஏற்றுக்கொண்டு விரிப்பை மட்டும் அந்நியம் என்பது, சட்டையை ஏற்றுக்கொண்டு பொத்தானை எதிர்ப்பது போன்றது.

இன்னொன்றையும் மரபு பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். உண்பதற்காகத் தைப்பது தமிழருக்குப் புதிதல்ல. தையல் இலை என்றே ஒரு பொருள் நம்மிடம் உண்டு. மந்தார இலைகளையோ, வாழை கிட்டாத வறண்ட ஊர்களில் ஆலிலைகளையோ வட்டமாக அடுக்கி, ஈர்க்கை ஊசியாகவும் நூலாகவும் ஆக்கி ஒன்றோடொன்று கோத்து, காயவைத்து, பாரம் ஏற்றித் தட்டையாக்கி, நூறு நூறாகக் கட்டி வைப்பார்கள். கல்யாண வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அக்கட்டுகள் போகும். பொட்டலம் கட்டவும் பயன்படும். திண்ணையில் உட்கார்ந்து அவற்றைத் தைத்தவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். அந்த இலையில் சாப்பிட்டவர்கள் சாம்பாரின் ருசியைப் பேசினார்களே அல்லாமல், ஈர்க்கு வெளியே துருத்தாமல் தைத்திருந்த விரல்களைப் பேசியதாகத் தெரியவில்லை. வாழையிலை மரபின் பெருமையாக நிலைத்துவிட்டது. தைத்த இலையோ வறுமையின் அடையாளமாக ஒதுங்கிவிட்டது. ஒன்று மரத்திலிருந்து வெட்டி எடுப்பது, மற்றொன்று உழைத்து ஆக்குவது. நாம் எதைப் பாடுகிறோம், எதை மறக்கிறோம் என்பதற்கு இது ஒரு சிறு சான்று.

*

கடையில் மலிவாகக் கிடைப்பதைப் பற்றி இரண்டாவது கேள்வி. அங்கே கிடைப்பவற்றில் பெரும்பகுதி பிளாஸ்டிக். பூப்போட்டது, பழங்கள் அச்சிட்டது, சணல்போலத் தோற்றமளிப்பது என்று பல வேடங்கள். உள்ளே இருப்பது ஒன்றே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடையின் பட்டியலில், உணவு மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. கல்யாண மண்டபங்களில் நீளமாக உருட்டி விரித்து, ஒரு பந்தி முடிந்ததும் எச்சிலோடு சேர்த்துச் சுருட்டி எறிவார்களே, அந்தத் தாள்தான். வீட்டு மேசையில் கிடக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அப்பட்டியலில் அடங்காது. இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும், பிறகு ஓரம் சுருண்டு, சூடான பாத்திரத்தின் வட்டத் தழும்போடு அதுவும் குப்பைக்குத்தான் போகும். குப்பை எங்கே போகிறது என்பதைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் புகையும் வாடையும் எந்தக் காற்றில் எந்தத் தெருவுக்கு வரும் என்பது இப்பகுதியில் பழங்குடிகளாகிவிட்டவர்களுக்கு மனப்பாடம்.

துணிக்கு அந்தக் கதி இல்லை. நம் வீடுகளில் ஒரு பருத்திப் புடவை எத்தனை பிறவி எடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். முதலில் வெளியே கட்டும் புடவை, பிறகு வீட்டில் கட்டுவது, அடுத்து குழந்தைக்குத் தூளி, அதன்பின் தலையணை உறை, அப்புறம் அடுப்படியில் பிடிதுணி, கடைசியில் கரித்துணி. நல்ல வெள்ளை வேட்டியாக இருந்தால் விளக்குக்குத் திரியாகி எரிந்து முடிவது. வங்காளத்தில் இதே சிக்கன அறிவு காந்தா என்ற கலையாக வளர்ந்தது. பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு, போர்வையும் விரிப்புமாக்கினார்கள். இன்று அது அருங்காட்சியகப் பொருள். நம் பிடிதுணிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. வாய்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. பழந்துணிக்கு அடுத்த பிறவி ஒன்று தர முடியும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

*

தைத்துப் பார்க்க விரும்புவோருக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். இலக்கியம் படிக்க வந்த இடத்தில் தையல் வகுப்பா என்று முகம் சுளிப்போர் அடுத்த பகுதிக்குத் தாண்டிவிடலாம். ஆனால் ஒரு வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்பவர் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் எண்ணம்.

ஒரு விரிப்புக்குப் பதினெட்டு அங்குல நீளமும் பன்னிரண்டு அங்குல அகலமும் சரியான அளவு. தட்டும் அருகில் தம்ளரும் அடங்கும், மேசையும் நிறைந்துவிடாது. தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டுப் பத்தொன்பதுக்குப் பதின்மூன்றாக வெட்ட வேண்டும். மேல்துணிக்குப் பழைய பருத்திப் புடவை. சுங்குடியோ செட்டிநாட்டுக் கட்டமோ எதுவானாலும் சரி. பாலியஸ்டர் கலந்திருந்தால் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது, சூட்டுக்கும் ஆகாது. நடுவில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைத்தால் சூடு தாங்கும் கனம் வந்துவிடும். அடித்துணிக்கு அழுத்தமான காடாத்துணி. முழுவதும் நைந்துபோன புடவையாக இல்லாவிட்டால் ஒரு புடவையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மேல்துணி தாராளமாகக் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். புதுக்காடா முதல் சலவையில் சுருங்கும்; நூறு முறை துவைத்த பழம்புடவை சுருங்காது. நனைக்காமல் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே ஒன்று மற்றொன்றை இழுத்து விரிப்பு கோணிக்கொள்ளும். சாயம் போகிறதா என்பதை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு மேல்துணியையும் அடித்துணியையும் நல்ல பக்கங்கள் உள்ளே பார்த்திருக்குமாறு வைத்து, அவற்றின்மேல் வேட்டித் துணியை அடுக்கி, நாற்புறமும் தைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு விரல் அகலத்துக்கு வாய் விட்டு வைப்பது அவசியம். மூலைகளில் மிஞ்சும் துணியைத் தையலை வெட்டிவிடாமல் குறுக்காக நறுக்கிவிட்டு, விட்டுவைத்த வாய் வழியாக உள்வெளியாகத் திருப்ப வேண்டும். மூலையை வெளித்தள்ள மொட்டைப் பென்சில் போதும். கத்தரிக்கோல் நுனியால் குத்தினால் கிழிந்துவிடும். இஸ்திரி போட்டு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டினால் விட்ட வாயும் மூடிக்கொள்ளும். இயந்திரம் இல்லாவிட்டால் ஒரு தையல் முன்னே போய் அரைத் தையல் பின்னே வரும் கைத்தையல் உறுதியாக நிற்கும். நேரம்தான் இரண்டு மூன்று மடங்காகும்.

மஞ்சள் கறைக்கு அஞ்ச வேண்டாம். சோப்புப் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். நன்றாக அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டால் பெரும்பாலும் மங்கிவிடும். பிளாஸ்டிக் விரிப்பைத் துடைப்பது எளிதுதான். துவைத்து வெயிலில் உலர்த்திய துணியின்மேல் தட்டை வைக்கும்போது கிடைக்கும் திருப்தி அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளின் கணக்குக்கு என் மறுமொழி இவ்வளவே.

*

இனி, சற்றுத் தொலைவு போய்வர வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிறிஸ்துமஸ் விருந்து மேசைகளில் விரிக்கப்படும் பருத்தி விரிப்புகளில் ஒரு பகுதி எங்கிருந்து போகிறது தெரியுமா? அமராவதிக் கரையிலுள்ள நம் கரூரிலிருந்து. 1970களிலிருந்து வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதியில் வளர்ந்த நகரம் அது. மேசை விரிப்பு, தட்டு விரிப்பு, கைத்துடைப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன், திரைச்சீலை என்று அந்நகரம் நெய்து தைத்து அனுப்பாத வீட்டுத் துணி குறைவு. கைத்தறியில் தொடங்கிய தொழில் பிறகு விசைத்தறிக்குப் பெரும்பாலும் மாறிவிட்டது. டிசம்பரில் எங்கோ பனி பெய்யும் ஊரில் விரிக்கப்படும் துணி, நம் ஆடி ஆவணி வெயிலிலேயே தைக்கப்பட்டுத் துறைமுகம் போயாக வேண்டும். சிவப்பும் பச்சையுமாக நட்சத்திரமும் மணியும் போட்ட விரிப்புகளின் பிசிறு வெட்டி, அளவு பார்த்து, மடித்து அடுக்கும் பெண்களில் பலர் அந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவர்கள். 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 சதவீத வரியை நடைமுறைப்படுத்தியபோது, பண்டிகைச் சரக்கு கப்பலேறும் பருவம் அது. உலகின் மறுகோடியில் எழுதப்பட்ட ஓர் ஆணை, கரூரில் வாரக்கூலி வாங்குபவளின் தீபாவளியைத் தொட்டது. விருந்து மேசையிலிருந்து தையல் மேசை அவ்வளவு தொலைவில்லை.

கரூர் வரை போவானேன்? தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகத்தில் ஆயத்த ஆடைக் கூடங்கள் உண்டு. மெப்ஸ் என்றால் இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். சுற்றுப்புறப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே தைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். கணவரை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அரசு வழங்கும் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் நடந்துவருகிறது. ஆக, தையல் இயந்திரம் என்பது நம் ஊரில் ஒரு பெண் பிறர் கையை எதிர்பார்க்காமல் நிற்பதற்கான கால்.

1924 நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியான ஓர் உரையாடல் இங்கே நினைவுக்கு வருகிறது. சாந்திநிகேதன் மாணவர் ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியைக் கேட்கிறார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் காணப் பொறாமல் ஒருவர் கண்டுபிடித்தது என்பது அவர் கருத்து. மாணவர் விடவில்லை. அந்த இயந்திரத்தைச் செய்ய ஆலை வேண்டுமே என்று மடக்குகிறார். அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கட்டும் என்று மறுமொழி வருகிறது. அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில், 1947-இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். உழைப்பவரின் அலுப்பைக் குறைப்பது வேறு, உழைப்பவரையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது வேறு என்பதுதான் அவ்வுரையாடலில் நான் காணும் சாரம். கடை அடுக்குகளில் ‘கைவேலை’ என்று சீட்டு ஒட்டிய விரிப்பைப் பார்க்கும்போதெல்லாம், எவருடைய கை என்ற விவரம் மட்டும் அச்சீட்டில் இல்லாதது எனக்கு உறுத்தும். விலையை ஏற்றுவதற்குக் கை வேண்டியிருக்கிறது; கைக்குரியவர் வேண்டியிருக்கவில்லை.

ஒரு விரிப்பை நீங்களே தைத்துப் பார்த்தால், கடையில் அதன் விலைச்சீட்டைப் பார்க்கும் கண் மாறிவிடும். நான்கு மூலையும் ஒன்றுபோல வர எவ்வளவு கவனம் வேண்டும், இஸ்திரியோடு சேர்த்து எத்தனை நிமிடம் ஆகும் என்பது கைக்குத் தெரிந்தபின், அந்த விலையில் தைத்தவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்ற கணக்கு தானாக ஓடும். கைவேலையின் முதற்பயன் அழகு என்பார்கள். அந்தக் கணக்கை நான் அழகுக்கு முன்னால் வைப்பேன்.

*

தமிழில் தையல் என்ற சொல் பெண்ணையும் குறிக்கும், துணி தைப்பதையும் குறிக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஔவையின் ஆத்திசூடியில் இச்சொல் பெண்ணைக் குறித்து வருகிறது, அவள் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்ற அறிவுரையாக. பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது அதே சொல்லை எடுத்து, அவளை மேலேற்றும்படி திருப்பிப் போட்டார். இரண்டு ஆத்திசூடிகளுக்கும் நடுவே நம் சமூகம் எங்கே நிற்கிறது என்பதை அளக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு வீட்டில் பண்டிகையன்று யார் எப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம். எத்தனை விரிப்புகள்?

தோழியர் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு என்பார்கள். மேசைக்கு ஆறு நாற்காலி, ஆகவே ஆறு விரிப்பு. வீட்டில் எத்தனை பேர் என்றால் ஐந்து, விருந்தினர் மூவர். ஆறு போதுமா என்றால், ‘நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்வேன், மாமியாரும் நானும் கடைசியில்தான்’ என்று மிக இயல்பாகப் பதில் வருகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தவளுக்கு அந்த மேசையில் விரிப்பு இல்லை. அவள் சாப்பிடும்போது விரிப்புகள் எண்ணெய்க் கறையோடு வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியைப் பற்றிக் கேட்டேன். அவருக்குச் சமையலறையில், தனித் தட்டில். தட்டு தனி என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் சற்றுத் தாழ்கிறது.

தரையில் இலை போட்டுப் பந்தி நடந்தவரை இந்த வரிசை வெளிப்படையாக இருந்தது. பந்தி என்றாலே வரிசைதான். முதற்பந்தி யாருக்கு, உள்பந்தி யாருக்கு, புறக்கடை யாருக்கு என்று ஊர் அறியும். மேசை வந்தபோது எல்லோரும் சுற்றி உட்காரலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. மேசைக்குத் தலைவாசலும் புறக்கடையும் இல்லை. ஆனால் நாற்காலிகளின் எண்ணிக்கை வழியாகப் பழைய பந்தி அப்படியே உள்ளே நுழைந்துகொண்டது.

உணவு வரிசை ஒரு சிறு விஷயம் என்று தமிழ்நாட்டில் எவரும் சொல்லிவிட முடியாது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘குளத்தங்கரை அரசமர’த்தின் ஆசிரியராக வ. வே. சு. ஐயரை வகுப்பில் நடத்துகிறோம். கம்பனில் தோய்ந்தவர், விடுதலைக்காக நாடு கடந்து அலைந்தவர். அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவளிக்கப்பட்டது என்ற செய்தி 1924-25-இல் தமிழகத்தைக் கலக்கியது. வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். விஷயம் காந்தி வரை போயிற்று. 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஜூனில் பாபநாசம் மலையருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். இரண்டு சிறுவர்களின் உணவிடம் ஒரு கட்சியை உலுக்கியது. ஒரு பெரிய மனிதரின் கடைசி மாதங்களைக் கசப்பாக்கியது. அந்தச் சேரன்மாதேவியிலிருந்து சில கிலோமீட்டரில்தான் பத்தமடை இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, இழையாகக் கிழித்து, பட்டுப்போல மடியும் பாயாக நெய்யும் முஸ்லிம் பெண்களின் ஊர். உட்காரவும் உறங்கவும் மணமக்கள் அமரவும் பாய் நெய்து கொடுத்த ஊருக்குப் பக்கத்திலேயே, யார் யாருடன் உட்கார்ந்து உண்பது என்ற வழக்கு நடந்தது. நிலவியல் சில வேளைகளில் நமக்காக உவமை எழுதி வைத்துவிடுகிறது.

இதற்கு எதிரான மரபும் நம்முடையதே. 1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு, வருபவர் யார் என்று கேட்காமல் சோறிட்டது. இன்றும் இடுகிறது. அண்ணா நினைவு நாளிலும் சுதந்திர நாளிலும் கோயில்களில் நடக்கும் பொது விருந்தை, அமைச்சர்கள் இலை முன் அமரும் புகைப்படமாக மட்டும் பார்த்துச் சிரிக்கிறோம். அதன் பின்னால் ஒரு நூற்றாண்டுச் சண்டை இருப்பதை மறந்துவிடுகிறோம். பொது இடத்தில் அந்தச் சண்டை ஓரளவு வென்றது. வீட்டு மேசையில் அது இன்னும் தொடங்கப்படாத வீடுகள் அநேகம்.

*

ஆகவே என் கருத்து எளியது. பண்டிகை மேசைக்குத் தட்டு விரிப்புத் தைப்பவர்கள், நாற்காலியை எண்ணித் தைக்க வேண்டாம். அன்று அந்த வீட்டில் சாப்பிடும் ஆட்களை எண்ணித் தையுங்கள். சமைத்தவருக்கு ஒன்று, தைத்தவருக்கு ஒன்று, பாத்திரம் துலக்க வருபவருக்கு ஒன்று. அதே அளவு, அதே துணி, அதே தையல். நாற்காலி போதாவிட்டால் முக்காலியோ ஸ்டூலோ இழுத்துப் போடலாம். அல்லது எல்லோருமாகத் தரையில் இறங்கிவிடலாம். இலை ஆதரவாளர்களுக்கும் அது மகிழ்ச்சி தரும்.

‘ஒரு துணித் துண்டால் சமத்துவம் வந்துவிடுமா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். வராது. வேலைக்கு வருபவருக்குப் பண்டிகைப் பணத்தைக் குறைத்துவிட்டு விரிப்பை மட்டும் போட்டால் அது நாடகம். வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் இம்மாநிலத்தில் 2007-இலேயே அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்ய அவருக்கு உதவுவது எந்த விரிப்பையும்விடப் பயனுள்ளது. அவர் நம்மோடு உட்கார விரும்பாமலும் இருக்கலாம். தன் வீட்டுக்குச் சீக்கிரம் போய்ப் பிள்ளைகளோடு உண்பதே அவருக்குப் பண்டிகையாக இருக்கலாம். அப்போது நாம் செய்ய வேண்டியது அவரை நேரத்தோடு அனுப்புவது. மரியாதை என்பது நம் விருப்பத்தை அவர்மேல் விரிப்பதல்ல.

ஆயினும் விரிப்புக்கு ஒரு குணம் உண்டு. அது இடத்தைப் பிடித்து வைக்கும். வெறும் மேசையில் ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் ஏழாவது ஆள் இல்லாதது கண்ணில் படாது. ஏழாவது விரிப்பு விரிக்கப்பட்டு வெறுமையாகக் கிடந்தால், உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கும் அது தெரியும். யாராவது ஒருவர் சமையலறைப் பக்கம் திரும்பி, ‘நீயும் வா, பரிமாறியது போதும், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்’ என்று சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாலும், அந்தத் துணி அங்கே கறைபடாமல் கிடந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பழம்புடவை இருக்கிறது, நைந்த வேட்டி இருக்கிறது. அடுத்த பண்டிகைக்கு நாள்களும் இருக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் சரியாகப் போட்டுக்கொண்டு துணியை வெட்டத் தொடங்கலாம்.